சுத்து கொஞ்சம் குறையும்

— தோளு வலிக்குதுன்னுட்டு நீயே மாவு தள்ளுறியேம்மா. நகரு, நான் பாத்துக்குறேன்.

— நீ கை வெச்சா உளுந்து பொங்காது. ஜெர்மனிக்காரங்க படிக்க இடமில்லன்னுட்டாங்கன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு திரியாத தீபா. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சி பசங்களுக்கு உன் படிப்பப் பத்தித் தமிழ்ல பேசணுமில்ல, அத எங்கிட்ட பேசிப் பாரு. எனக்குப் புரிஞ்சா இந்தப் புனே ஏரவாடாவுக்கே புரியும்.

— சரி. மத்லப்... அதாவது, நான் படிக்கிற கருந்துளை சுத்தும்மா. சுத்துறப்ப பக்கத்துல இருக்கிற இடத்தையே சேத்து இழுக்கும்.

— இடம் எப்பிடிடி சுத்தும்?

— இந்த கிரைண்டர்ல மாவு சுத்துதுல்ல, அந்த மாதிரி. கருந்துளையைச் சுத்தி அப்படி ஒரு வளையம் இருக்கு, அதுக்குள்ள போயிட்டா எதுவும் சும்மா நிக்க முடியாது. கூடவே சுத்தித்தான் ஆகணும்.

— பதினெட்டு வருசமா நான் சுத்தலையா. உள்ள போனா அவ்ளோதானா?

— இல்ல. இன்னும் உள்ள ஒரு எல்லை இருக்கு, அதைத் தாண்டினாத்தான் திரும்ப முடியாது. வளையத்துலேர்ந்து வெளிய வரலாம். ஒரு பொருள் அங்க போய் ரெண்டா உடையுதுன்னு வெச்சுக்கோ. ஒரு துண்டு சரியான விதத்துல உள்ள விழுந்தா, இன்னொண்ணு மத்லப்... போனதைவிட அதிக பலத்தோட வெளிய வரும்.

— அந்த பலம் எங்கேர்ந்து வருது?

— கருந்துளையோட சுத்துலேர்ந்துதான். அதோட சுத்து கொஞ்சம் குறையும்.

— நின்னுடுமா கண்ணு?

— நிக்காதும்மா. லேசாத்தான் குறையும். அதுபாட்டுக்கு சுத்திட்டே இருக்கும்.

— அப்ப ஜெர்மனிக்கு வரேன்னு எழுதிப் போடு.

— அங்கதான் இடமில்லன்னுட்டாங்களே.

— உன் கைடு வசந்தகுமார் சாரு காலைல மாவு வாங்க வந்தாரு. இடம் கெடச்சிருக்காம், நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். நீதான் வேணான்னு நிக்கிறியாம். எங்கிட்ட பொய் சொல்லிக்கினு.

— நான் போயிட்டா இந்த வாளியெல்லாம் யாரும்மா தூக்குவா?

— மல்லிகா நாளையிலேர்ந்து வர்றா, பேசிட்டேன். ரெண்டு வாளி கொறச்சி அரைச்சா இன்னா இப்ப?

— உன்னைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலம்மா. அழுகையா வருது.

— எனக்கும்தான் வருது. என் கையெல்லாம் மாவு, நீயே என் கண்ணத் தொடச்சி வுடு.

— பேச்சாவது புரிஞ்சுதா உனக்கு?

— சாரு காலைலயே இந்தக் கருந்துளைக் கதை எல்லாத்தையும் எனக்குச் சொல்லிட்டாருடி. அது நின்னுடாதுன்னு உன் வாயால வரட்டும்னுதான் கேட்டுக்கினு இருந்தேன்.