தொண்ணூறு நாளில் நான்கு நாள்

“தொண்ணூறு நாள்ல அவன் வூட்ல நாலே நாளுதானாம்.”

நகரியிலிருந்து ரேணிகுண்டா செல்லும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் கணவரிடம் சொன்னார். கனடாவிலிருக்கும் மணமாகாத மகன் அனுப்பிய சுற்றுலாத் திட்டம் அவர் கைபேசியில் இருந்தது.

“பதினோரு ஊரு காட்டுறான், சந்தோசப்படு மே.”

“போன வாரம் வீடியோல அவன் பின்னால சின்ன கவுனு ஒண்ணு காஞ்சிக்கினு இருந்துச்சே, பாத்தியா?”

“பக்கத்து வூட்டுதா இருக்கும்.”

“சட்டைக்குன்னு நம்ம தறியில நெய்ஞ்சி அனுப்பின துணி அது. பக்கத்து வூட்டுக்கு எப்டி போச்சு? ஊரெல்லாம் வாணாம், அவன் வூட்லயே இருக்கோம்னு சொல்லு.”

கணவர் அப்படியே குரல்பதிவு அனுப்பினார். புத்தூர் தாண்டியதும் பதில் சத்தமாக ஒலித்தது.

“அப்டின்னா அடுத்த வருசம் வாங்க நைனா.”

பிறகு கணவர்தான் கேட்டார்.

“அந்தக் கவுனு எத்தினி வயசு புள்ளைக்கு இருக்கும்?”