கதவுக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஊசி

திருமணப் பதிவு அலுவலகத்தின் தலைமை எழுத்தர் இன்று பணி நிறைவு பெறுவதையொட்டி, உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

கோப்பு காத்த கோமானே, முத்திரை பிசகாத முதல்வரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் அறிவிப்புப் பலகைக்கு அரணாய் நின்ற அண்ணலே, எங்கள் கொக்கி சாரே, வணக்கம்.

கொக்கி சார் என்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர். இன்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டோம். இனி உங்களால் என்ன செய்துவிட முடியும்? மாலை ஐந்து மணி வரை ஒன்றே ஒன்று செய்ய முடியும், அதுதான் எங்கள் கவலை. இப்போது மணி நான்கு இருபது.

இங்கே மணமுடிக்க விண்ணப்பிக்கும் எவருடைய அறிவிப்பும் முப்பது நாள் பலகையில் இருக்க வேண்டும், ஆட்சேபணை உள்ளவர் அதற்குள் எழுதித் தரலாம் என்பது விதி. நீங்கள் பணியில் சேர்ந்த காலத்தில் ஜோடிகள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் போன சூட்டோடு மாமா, சித்தப்பா என்று ஒரு கூட்டம் பலகையை மேய வரும். அப்போதுதான் நீங்கள் ஒரு வழக்கத்தைக் கண்டுபிடித்தீர்கள். தினமும் காலையில் வாசல் கதவை உள்பக்கமாக அகலத் திறந்து, சுவரோடு சேர்த்துக் கொக்கி மாட்டுவீர்கள். அந்தச் சுவரில் தொங்கும் பலகையின் இடது ஓரம் கதவுக்குப் பின்னால் போய்விடும். அஞ்சி வந்தவர்களின் அறிவிப்பு அந்த ஓரத்தில் இருக்கும். விதிப்படி வைத்தாயிற்று, காற்றுக்குத் திறந்த கதவை யார் குறை சொல்ல முடியும்?

ஒரு மனிதர் காரணமே இல்லாமல் இவ்வளவு நல்லவராக இருப்பாரா என்று நாங்கள் பத்து வருடம் உங்கள் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். அதில் பேனாவைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை.

பிறகு காலம் மாறியது. மூடிய முகங்கள் போய், நண்பர் பட்டாளத்தோடு வந்தார்கள். இப்போது இரண்டு வீட்டுப் பெற்றோரும் கூடவே வந்து, அறிவிப்பின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம் ஒரு பெண், "சார், எங்க நோட்டீஸ நடுவுல வைங்க, போட்டோல தெரியணும்" என்றாள். நீங்கள் அரை நிமிடம் அவளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நடுவில் வைத்தீர்கள். ஆனால் கொக்கியை மட்டும் விடவில்லை. அலுவலகத்தில் இவ்வளவு தாராளமான நீங்கள், வீட்டில் மகள் வர ஆறு மணி தாண்டினால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

முப்பது நாளைக்கு முன், பல் பிடுங்க நீங்கள் விடுப்பு எடுத்த அன்று, அந்த மகள் ஓர் இளைஞரோடு இங்கே வந்தாள். எங்கள் தட்டச்சரிடம், "அக்கா, அப்பா கண்ணுல படாத இடமா பாத்து வைங்க. முப்பது நாள் முடிஞ்சதும் நானே சொல்லிடறேன்" என்று கெஞ்சினாள். நாங்களும் மண்டையைக் குடைந்து, இந்த அலுவலகத்திலேயே மறைவான இடம் எது என்று யோசித்து, கதவுக்குப் பின்னால் வைத்தோம். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவரே நீங்கள்தான் என்பது மறுநாள் காலையில் நீங்கள் கொக்கி மாட்டும்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் அந்த அறிவிப்பில் நாலாவது ஊசி இருந்தது. நாங்கள் குத்தியது மூன்று வெள்ளைக் குண்டூசி. காற்றில் தூக்கிக்கொண்டிருந்த கீழ் மூலையில் யாரோ சிவப்புத் தலை வைத்த குண்டூசி ஒன்றைக் குத்தியிருந்தார்கள். அந்த ஊசி இங்கே உங்கள் மேசை இழுப்பறையில் மட்டுமே உண்டு. அன்றிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்த மனிதர் ஏன் வாய் திறக்கவில்லை? பன்னிரண்டாம் நாள், நீங்கள் அலமாரியிலிருந்து ஆட்சேபணைப் படிவம் ஒன்றை உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததை ஆவணக் காப்பாளர் பார்த்தார். சட்டை மாறினாலும் அந்தப் படிவம் பையை விட்டு இறங்கவில்லை. ஊசியும் குத்தி, படிவமும் எடுத்தவரை நாங்கள் எப்படித்தான் நம்புவது? நாளை காலை அவளுடைய பதிவு. அந்தக் காகிதம் மேசைக்கு வந்தால் விசாரணை, இழுத்தடிப்பு என்று கல்யாணமே நின்றுபோகும். கடைசி வரிசையில் தன் அம்மாவோடு அமர்ந்திருக்கும் அவளும் இதையெல்லாம் இப்போதுதான் கேட்கிறாள்.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இம்மடல் இவ்வளவு நீண்டது உங்கள் பெருமையால் மட்டுமல்ல. முப்பதாம் நாள் ஐந்து மணிக்கு மேல் வரும் ஆட்சேபணை செல்லாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். தட்டச்சரிடம் நிறுத்தி நிதானமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். முன்வரிசையில் உட்கார வைத்துப் பாராட்டும்போது யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள் என்று நம்புகிறோம். நேர்மையின் நெடுங்கதவே, பொறுமையின் பெரும்பூட்டே, இன்னும் பதினான்கு அடைமொழிகள் கைவசம் உள்ளன; கடிகாரத்தைப் பார்த்து வாசிப்போம்.

எஞ்சிய பற்கள் எல்லாம் நிலைத்திருக்க, நோய் நொடி அண்டாது, வாசலில் நாற்காலி போடும் வேலையும் இல்லாது, நெடுங்காலம் நிம்மதியாக நீங்கள் வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
பதிவாளர் முதல் வாசல் காவலர் வரை, உங்கள்மேல் சந்தேகமும் அன்பும் குறையாத ஊழியர்கள்

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன் சேர்த்தது:

ஒன்பதாவது அடைமொழியில், நான்கு ஐம்பத்தைந்துக்கு, நீங்கள் எழுந்தீர்கள். படிவத்தை எடுத்து மேசையில் விரித்தீர்கள். ஆட்சேபணைக்கான காரணம் என்ற கட்டத்தில் மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்திருந்தீர்கள். அடித்ததைப் படிக்க முயன்றோம், முடியவில்லை. கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மறைவா ஒரு இடம் வச்சிருந்தேன். அது எம்பிள்ளைக்கும் தேவைப்படும்னு நான் நினைக்கவே இல்லம்மா."

அவள் அழுதாள். நீங்களும்தான். பிறகு வாசலுக்குப் போய், கொக்கியைக் கழற்றி, கதவைச் சாத்தினீர்கள். ஐந்து மணி அடிக்கும் வரை அந்த அறிவிப்பு நாலு ஊசியோடு எல்லோர் கண் முன்னும் இருந்தது.