கை தொட்ட பிறகே கையெழுத்து

ஹார்மோன் ஆய்வகத்தின் தலைமகளே! கருவி சொன்னதைக் காதால் கேட்டு, நோயாளி சொன்னதைக் கையால் கேட்டு, நெஞ்சறிந்த பின்னரே ஒப்பமிட்ட நேர்மையே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அம்மா! வணக்கம்.

அடைமொழிகள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் சிரித்துவிடுவீர்கள் என்பதால் நிறுத்திக்கொள்கிறோம்.

நம் ஆய்வகம் தரைத்தளத்தில், வார்டுகள் மாடியில். அறிக்கையும் நோயாளியின் நிலையும் ஒத்துவராதபோதெல்லாம் நீங்கள் படியேறினீர்கள். "கைரேகை பாக்குறவங்க வந்துட்டாங்க, கைய நீட்டுங்க!" என்று செவிலியர் கேலி செய்தார்கள். நீங்கள் நிறுத்தவில்லை.

ஒருமுறை, தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குத் தைராய்டு ஹார்மோன் குறைவு. அதைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவும் குறைவு. பிட்யூட்டரியே கெட்டுவிட்டது, ஆயுள் முழுக்க மாத்திரை என்று மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். நீங்கள் அவள் கையைப் பிடித்தீர்கள்.

"ஹார்மோன் இவ்ளோ கம்மின்னா கை ஜில்லுன்னு இருக்கணும். இது இஸ்திரிப் பெட்டியா சுடுது. இளைக்கிறதுக்கு என்னம்மா சாப்பிடுற?"

"அது... அவருக்குத் தெரியாது டாக்டர்."

"பக்கத்துலதான நிக்கிறார்? இப்ப தெரிஞ்சுடுச்சு. சொல்லு."

வீட்டுத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து ஒரு டப்பா வந்தது. உடல் மெலிய விற்கும் மாத்திரைகள். தைராய்டு ஹார்மோன் சிதைந்தால் உண்டாகும் சிறுபொருள் ஒன்று அவற்றில் இருந்ததைக் கண்டுபிடித்தீர்கள். உடலில் அது ஹார்மோன் போலவே வேலை செய்யும்; நம் கருவியின் கண்ணுக்கோ அது தெரியாது. பிட்யூட்டரியோ அதையே ஹார்மோன் என்று நம்பி, போதும் என்று உத்தரவை நிறுத்தியிருந்தது. தைராய்டும் ஓய்ந்திருந்தது.

"கெட்டுப்போகலப்பா, ஏமாந்துபோச்சு. அவ்ளோதான்" என்றீர்கள், அவள் கணவனிடம். மாத்திரை நின்றது. சில வாரங்களில் பிட்யூட்டரி விழித்துக்கொண்டது. வெளியூர் மருத்துவர்கள் இன்றும் நம் ஆய்வகத்தைத் தேடி இரத்த மாதிரிகளை அனுப்புவது இந்தப் பெருமையால்தான்.

அந்தக் கணவன் நம் ஆய்வகத்தில்தான் வேலை செய்கிறான். இம்மடலை எழுதும் பொறுப்பைச் சக ஊழியர்கள் அவனுக்கே தந்தார்கள். அதன்பின் அவள் நலமாக இருந்தாள். நிறையச் சாப்பிட்டாள். உங்களுக்கு ஒரு ரவிக்கை தைத்தாள். தோளில் இறுக்கிப் பிடிக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை. சென்ற ஆண்டு வேறொரு நோய் அவளைக் கொண்டுபோனது. அன்றும் படியேறி வந்தீர்கள். அன்றும் அவள் கையைப் பிடித்திருந்தீர்கள். அது குளிர்ந்திருந்தது. நீங்கள் விடவில்லை.

அம்மா! நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் வாழ்க! படியேறும் அவசரமின்றி உங்கள் காலைகள் விடியட்டும். நாளை முதல் கையெழுத்து எங்களுடையது. அறிக்கை ஒன்று சொல்லி, நோயாளி வேறு சொன்னால், பேனாவை மூடி வைத்துவிட்டு நாங்கள் மாடிக்குப் போவோம். செவிலியர் சிரிக்கட்டும்.

என்றும் உங்கள் பெருமையில் பங்குள்ள,
ஹார்மோன் ஆய்வக ஊழியர்கள்