மௌனத்துக்கு அஞ்சியவர்

இல்லை, மௌன அஞ்சலி வேண்டாம். எழுந்து நின்றவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். மேடையில் இருக்கும் மூத்த மருத்துவர்களே, செவிலி அக்காக்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். ஓடி விளையாடும் குழந்தைகளை அடக்காதீர்கள். அந்தச் சத்தம்தான் நம் மருத்துவருக்கு இன்று நாம் செலுத்தும் மரியாதை.

ஏன்? எங்கள் ஒவ்வாமைப் பரிசோதனை அறையில் மௌனம்தான் ஆபத்து. ஒத்துக்கொள்ளாதோ என்று சந்தேகிக்கும் உணவை, மருந்தோடு அருகிலேயே காத்திருந்து, துளித்துளியாகக் கொடுத்துப் பார்க்கும் அறை அது. நம் மருத்துவர் குழந்தையைப் பேசவைத்துக்கொண்டே இருப்பார். குரல் கம்மினால், பேச்சு நின்றால், ஒவ்வாமை தொண்டையைப் பிடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். குழந்தைகள் வைத்த பெயர், 'தொணதொண டாக்டர்'. அந்தப் பட்டத்துக்கு முன்னால் மற்றப் பட்டங்கள் எம்மாத்திரம்!

ஒரு சிறுமி. பால் பரிசோதனை. திருட்டுப் பூனை கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பூனை ஜன்னல்ல ஏறி..." செருமினாள். மறுபடி செருமினாள். பேச்சு நின்றது.

"அரிப்பு மாத்திரை குடுத்துப் பார்க்கலாமா மேடம்?" என்றது எங்களில் ஒரு குரல்.

"மாத்திரை நடந்து வரும். ஒவ்வாமை ஓடி வருது. ஊசி!"

முதல் கரண்டிக்கு முன்பே, எடைக்கு ஏற்ப அளந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்த, ஒவ்வாமையை உடனே முறிக்கும் அட்ரினலின் ஊசி. தொடையில் போட்டார். படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினார். ஆக்ஸிஜன்.

தாய் அலறினார். "நல்லா இருந்த புள்ளையை இப்படிப் பண்ணிட்டீங்களே!"

மருத்துவர் திரும்பவில்லை. சிறுமியின் காதருகே குனிந்தார். "ஏய் வாயாடி, பூனையை ஜன்னல்லயே விட்டுட்டியே. விழுந்துடாதா?"

எவ்வளவு நீண்ட மௌனம் அது!

பிறகு, கரகரப்பாக: "பூனை... விழாது."

"இனி இந்தப் பக்கமே வர மாட்டோம்," என்றார் தாய்.

"வராதீங்க. ஆனா ஊசி போடக் கத்துக்கிட்டுப் போங்கம்மா. உங்க வீட்ல நான் இருக்க மாட்டேன்ல."

கற்றுக்கொண்டார். இதோ முன்வரிசையில் இருக்கிறார், கைப்பையில் ஊசியோடு.

இப்போது மருத்துவர் இங்கேயும் இல்லை. அறையை மூடிவிடலாமா என்று கேட்கிறார்கள். மூடுவதா? நாளை காலை திறப்போம். முதல் கரண்டிக்கு முன் ஊசி தயாராக இருக்கும். நாங்கள் தொணதொணத்துக்கொண்டே இருப்போம். இது உறுதி.

அன்று சிறுமி பேசிய பின் மருத்துவர் என்ன செய்தார் என்கிறீர்களா? அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரத்தில் திரும்பி வரலாம். அதனால் வீட்டுக்குப் போகவில்லை. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, பூனைக் கதையை முதலிலிருந்து கேட்டார்.