உப்புக்காத்து மண்டபம்

– பிள்ளையாராணை சொல்லுறன் மயூரி, இந்த மண்டபத்தைப் பற்றி நான் சொல்லுறதில ஒரு சொல்லெண்டாலும் பொய்யெண்டால் என்ர பல்லுச்செட் கடலுக்க போகட்டும்.

– பல்லுச்செட்டை விடுங்கோ அப்பா. ஹோல் பாக்கவெண்டு கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தைக்கு வந்திட்டு, வாசலில நிண்டு சத்தியம் பண்ணுறியள்.

– உள்ளுக்க வரத்தான் யோசனையாக் கிடக்கு. கேக்குதே, கோச்சிச் சத்தம்? நான் இந்தப் பக்கம் அறை எடுத்து இருந்த காலத்தில இஞ்ச ஒரு கலியாணம். ஐயர் தாலியை எடுத்துக் குடுக்கிறார், பின்னால தண்டவாளத்தில கோச்சி வருது. கட்டடம் முழுக்க ஆடுது. மாப்பிள்ளை பாவம், பயத்தில கண்ணை மூடிக்கொண்டு கட்டினார். திறந்து பாத்தால் தாலி வீடியோக்காரன்ர கழுத்தில.

– அப்பா.

– கண்ணால கண்டனான். வீடியோக்காரன் கிராண்ட்பாஸ் பக்கத்துப் பொடியன், நல்ல பிள்ளை. மாமியார் இண்டைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவனுக்கு வேட்டி குடுத்துவிடுறா.

– எங்கட முகூர்த்த நேரத்தில ட்ரெயின் இல்லை. நான் பாத்தனான்.

– பாத்தனியோ? எப்ப?

– நேற்று. சும்மா, போனில. வாங்கோ உள்ளுக்க. அம்மான்ர வீல்செயார் ஏறுமோ எண்டு பாக்கவேணும்… இஞ்ச பாருங்கோ, சரிவு கட்டியிருக்கு. படியே இல்லை.

– சரிவுதான் ஆபத்து. ஆக்கள் உருண்டு வந்து நேரா பந்தியில இருந்திடுவினம்.

– நல்லதுதானே, கூப்பிடுற வேலை மிச்சம். ம்ம், பெயின்ட் மணம். கதிரைக்கெல்லாம் பொலித்தீன் உறை வேற.

– உப்புக்காத்து, பிள்ளை. வருசா வருசம் பெயின்ட் அடிக்காட்டில் சுவர் கரைஞ்சு போகும். பழைய மண்டபமெல்லே. உறை போடாட்டில் கதிரை ஆக்களோட ஒட்டிக்கொண்டு வீட்டை போயிடும்.

– அந்தக் கதையையும் கண்ணால கண்டனீங்களோ?

– அதை அம்மா கண்டவ. நான் கண்டது வாழையிலை. இந்த யன்னலைத் திறந்து வச்சுப் பந்தி போட்டவை. ஒரு காத்து வந்தது. ஒருத்தற்ர இலை, சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்போட அப்பிடியே எழும்பி, தண்டவாளத்தைத் தாண்டி, கடலில மீன்பிடிச்சுக்கொண்டு நிண்ட ஒஸ்வால்டின்ர வள்ளத்தில போய் இறங்கினது. ஒரு பருக்கை சிந்தேல்ல.

– ஒஸ்வால்ட் என்ன செய்தவர்?

– சாப்பிட்டார். பின்னேரம் நனைஞ்ச சாரத்தோட வந்து, பாயசம் வரேல்லையெண்டு பொம்பிளையின்ர தகப்பனோட கொழுவல்.

– சிரிக்கப்பண்ணாதேங்கோ. நான் இந்த ஹோலைச் சரியாப் பாக்கவேணும். கையைத் தட்டுங்கோ ஒருக்கா, எதிரொலிக்குதோ பாப்பம்.

– தட்டமாட்டன். இஞ்ச சத்தம் உடன திரும்பி வராது. ஐயர் ஒரு நாள் சொன்ன மந்திரம் அடுத்த நாள்தான் திரும்பி வந்தது. அடுத்த நாள் மணவறையில இருந்த சோடிக்கு முந்தின நாள் ஆக்களின்ர பேரில கலியாணம் முடிஞ்சுது. ரெண்டு குடும்பமும் இப்பவும் ஒண்டுக்கொண்டு தீபாவளிப் பலகாரம் மாத்துது.

– அப்பா, உங்களுக்கு இந்த ஹோல் பிடிக்கேல்லையெண்டால் நேரா சொல்லுங்கோ.

– பிடிக்கேல்ல. பம்பலப்பிட்டியில பாத்தமே, ஏசி போட்டது, பெரிசு, தூணெல்லாம் தங்க நிறம். அதைப் போடுவம்.

– வேண்டாம்.

– ஏன்? அங்க நிக்கேக்க "உங்கட விருப்பம் அப்பா" எண்டனி. மாளிகாவத்தையிலயும் அதுதான் சொன்னனி. இவ்வளவு மண்டபம் பாத்தம், உன்ர வாயில இருந்து அந்த ஒரு வசனத்தைத் தவிர வேற ஒண்டும் வரேல்ல.

– போன தரம் கலியாணம் பேசேக்க ஹோலை நான்தான் தெரிவுசெய்தனான். அழைப்புக் காட்டையும் நான்தான் தெரிவுசெய்தனான். டொரொன்டோ மாப்பிள்ளையிட்ட இருந்து ஒரு ஃபோன் கோல் வந்தது, எல்லாம் நிண்டுபோச்சுது. அதுக்குப் பிறகு ஒண்டையும் விருப்பமெண்டு வாய்விட்டுச் சொல்லப் பயமாக் கிடக்கு.

– அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது ஒண்டு இருக்கு. தர்ஷனுக்கு உன்னைக் கேட்டு வரேக்கயும் நீ அந்த வசனத்தைத்தான் சொன்னனி.

– ஓம். சொன்னனான்.

– அம்மான்ர முழங்காலைப் பாத்து, என்ர வயசைப் பாத்து ஓமெண்டிருந்தால் இப்ப சொல்லு. நான் போய்க் கதைக்கிறன். என்ன கதை சொல்லிச் சமாளிக்கிறதெண்டு எனக்குத் தெரியும்.

– உங்கட கதையோ? வீடியோக்காரன்ர கழுத்தோ?

– அதைவிட நல்லது வச்சிருக்கிறன்.

– வேண்டாம் அப்பா. இந்த யன்னலடிக்கு வாங்கோ, ஒண்டு சொல்லுறன். தர்ஷன் ஆக்கள் கூடினால் வேர்த்து நனைஞ்சு போறவர். முதல்தரம் ரீ குடிக்கப் போகேக்க கடை நிறையச் சனம். என்னை நிக்கவிட்டிட்டு ஓடிப்போய் யன்னலடிக் கதிரையைப் பிடிச்சார். சரியான சுயநலம் பிடிச்ச ஆள் எண்டு நினைச்சன்.

– பிறகு?

– பிறகு என்னைக் கூப்பிட்டு அதில இருத்திப்போட்டு, தான் சுவர்ப்பக்கம் இருந்தவர். கதைச்சு முடியுமட்டும் லேஞ்சியால முகத்தைத் துடைச்சுக்கொண்டே இருந்தவர். எனக்கு இந்த யன்னல் வேணும். மணவறையை இதுக்குக் கிட்ட வச்சால் காத்து நேரா அவரில படும். இலை பறந்தால் பறக்கட்டும்.

– திருப்பிச் சொல்லு.

– இலை பறந்தால்…

– அது இல்லை. முதல் சொன்னது.

– எனக்கு வேணும் அப்பா. இந்த ஹோல் வேணும். தர்ஷனும்தான்… ஏன் கண்ணைத் துடைக்கிறியள்?

– உப்புக்காத்து.

– யன்னல் இன்னும் திறக்கேல்ல.

– இடுக்கால வரும். பொல்லாத காத்து.

– பொறுங்கோ, திறப்புக்கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு மனேஜர் வாறார். நுஸ்கி நானா, ஆவணியில எங்கட திகதிக்கு இந்த ஹோல் கிடைக்குமோ?

– தம்பி நுஸ்கி, நீர் முதல் போய் அந்த ஃபேனைப் போட்டுவிடும். பிறகு கதைப்பம்.

– ஃபேன் போடுறன் ஐயா. ஆனா தங்கச்சி, ஒங்கட அப்பா போன மாசமே வந்து, புள்ளைக்குப் புடிச்சாத்தான்னு சொல்லி, அந்தத் திகதிய ஒங்கட பேர்ல போட்டுட்டாரே. இந்த ஹோல் இப்பதான் கட்டி முடிச்சது, இங்க நடக்கப்போற மொதக் கல்யாணமே ஒங்கடதான்.