என் வீட்டு வழியாக

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை தணிஞ்சு பேசினா உங்க கிரீடம் கீழ விழுந்துடுமா?"

"அவன் வீட்டு வழியா எனக்கு ஒண்ணும் வர வேணாம், போகவும் வேணாம். காத்துகூட வேணாம்."

கேட்டது அண்ணி. சொன்னது என் அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மதில்தான், நான் இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு மெதுவாகப் பேச வராது. அப்பா இருந்தவரை அது வெறும் மதில். அவர் போன பிறகுதான் அதற்கு ஒரு சொந்தக்காரர் தேவைப்பட்டார். சண்டை அதுதான்.

எனக்கு மின்சார ஆபீஸில் மீட்டர் வேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புது மீட்டர்கள் கம்பி இல்லாமல் பேசும். ஆனால் நேராக ஆபீஸோடு பேசாது. பக்கத்து வீட்டு மீட்டரிடம் சொல்லும், அது அடுத்த வீட்டுக்குச் சொல்லும், அப்படியே கைமாறித் தெருமுனைப் பெட்டிக்குப் போய்ச் சேரும். நடுவில் ஒன்று படுத்தாலும் சுற்றுவழி இருக்கும். கடைசி வீட்டுக்குத்தான் இருக்காது. அண்ணன் வீடு கடைசி வீடு. அந்தப் பக்கம் கிடங்கின் பின்சுவர். அவர் வீட்டுச் செய்தி எதுவானாலும் என் மீட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அன்றே பெரிய பிஸ்கட் டின்னைக் காலி செய்து என் மீட்டர்மேல் கவிழ்த்து மாட்டினேன். தகரத்தைத் தாண்டி அது பேசாது. அண்ணன் கேட்டதைத்தான் செய்தேன்.

இரண்டு மீட்டரும் பேசவில்லை என்று ஆபீஸிலிருந்து போன் வந்தது. எங்கள் தெரு என் பொறுப்பு. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அண்ணனுக்கு மூக்கு செத்துவிட்டது. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்று. அதனால் அவர் சமையலறையில் கேஸ் சென்சார் வைத்திருந்தோம். மாட்டியது நான்தான். குழாய் கேஸ் கசிந்தால் மீட்டர் வழியாகச் செய்தி போகும், கேஸ்காரர்கள் அங்கிருந்தபடியே குழாயை மூடிவிடுவார்கள். அதில் ஒரு பீப் சத்தமும் இருந்தது. வறுக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று அண்ணி அலுத்துக்கொண்டார். அதை நிறுத்திக் கொடுத்ததும் நான்தான்.

அண்ணி மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். அண்ணன் டீக்குப் பால் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது.

"ஏங்க, கேஸ் நாத்தம் வருதே" என்றாள் என் மனைவி.

"நம்ம வீட்டுது இல்ல" என்றேன். சரியாகத்தான் சொன்னேன்.

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். பிறகு, கிளம்பு, கடைக்குப் போய்வரலாம் என்றேன். நானாக அவளைக் கடைக்குக் கூப்பிட்டதே கிடையாது. புதுப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. விழித்ததும் அண்ணன் லைட் ஸ்விட்சைப் போட்டிருப்பார் என்று தீயணைப்புக்காரர்கள் பிறகு சொன்னார்கள். மதில் முழுக்க விழுந்துவிட்டது. அந்தச் சண்டையும் அதோடு முடிந்தது.

ஆட்கள் உள்ளே வருவதற்குள் டின்னைக் கழற்றிக் கழுவி, பிஸ்கட்டைத் திரும்பப் போட்டு வைத்தேன். வீடு ஒழுங்காக இருக்க வேண்டும் எனக்கு.

அண்ணனின் காரியம் முடிந்து அண்ணி ஒன்றுதான் கேட்டார். "அந்த மிஷின் ஏன் தம்பி சொல்லாம விட்டுச்சு?"

"சிக்னல் கோளாறு அண்ணி."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இனி எனக்கு நீதான் துணை என்றார். நான் மறுக்கவில்லை.

அண்ணன் வீட்டுப் பொருள் எதையும் நான் தொடவில்லை. தொட்டது என் மீட்டர், சாத்தியது என் ஜன்னல். இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் அந்த ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போய்விட்டாள். போனையும் எடுப்பதில்லை.

இந்தக் குழுவில் விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வேண்டாம் என்று மூத்தவர் வாயால் சொன்ன பிறகும் நான் அனுப்பியிருக்க வேண்டுமா? படித்துவிட்டுச் சும்மா போகாதீர்கள். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று கீழே ஒரு வரி போடுங்கள், அவளுக்குக் காட்ட வேண்டும்.