பாதிக் கூரையும் ஒரு வசவும்

ஹலோ! ஹலோ... யாரு, கேசவனா?... நான்தான்டா, அத்திம்பேர். மைசூர்லேருந்து... இல்லை இல்லை, உங்க அக்கா சௌக்யமா இருக்கா. பையன் செலுவனும் சௌக்யம். ஆத்துல ஒண்ணுமில்லை, மில்லுலதான்... என்னது?... கேக்கலையா? நான் கத்திண்டுதான் இருக்கேன். நீயும் கத்து.

முதலாளி பசவராஜ் அவர் அங்க ஹெட் ஆபீஸ்ல, ரூமுல இருக்காரா?... வெளியில போயிருக்காரா? நல்லதாப் போச்சு. அவர் திரும்பறதுக்குள்ள நீ எனக்கு ஒரு காரியம் பண்ணணும். என்னை சூப்பரிண்டெண்டெண்ட் ஆக்கற ஆர்டர் உன் மேஜையிலதானே இருக்கு?... ஆமாம், ஆமாம்... இன்னும் கையெழுத்து ஆகலையா?... நாளைக்கு இங்க வந்து, கூரையைப் பார்த்துட்டுத்தான் போடுவாராமா?... அதேதான். அந்தக் கூரைதான்டா பாதியில நிக்கறது.

இரு... சித்தையா! கிடிகி தெகியோ... உன்னை இல்லை. ப்யூன்கிட்ட ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். கரண்ட் இல்லை, வேர்த்துக் கொட்டறது.

புது நூல் கிடங்குடா. காலையில கான்கிரீட் கொட்ட ஆரம்பிச்சா. சரிபாதி ஆயிருக்கும். அப்படியே கரண்டியைக் கீழ வெச்சுட்டு அத்தனை பேரும் புளியமரத்தடிக்குப் போயிட்டா... மழையா? ஏது மழை! வெயில் மண்டையைப் பிளக்கறது. பயமே அதுதான். கொட்டின பாதி இறுகிடுத்துன்னா மீதி அதோட ஒட்டாது. முதல் மழைக்கே நடுவுல ஒழுகும்... ஆமாம், கீழ அவரோட நூல் நனையும். மேல என் ஆர்டர் நனையும்.

எதுக்கா? ஒரு வார்த்தைக்குடா. ஒரே ஒரு வார்த்தை.

மேஸ்திரி ஒருத்தன் இருக்கான், முனிராஜுன்னு. தமிழாள். பெரியாள், சித்தாள் எல்லாருமே அவன் கூட்டிண்டு வந்த தமிழாள்தான். நான் மத்தியானம் டப்பாவைத் திறந்து, உங்க அக்கா கட்டிக் குடுத்த புளியோதரையில ஒரு கவளம் எடுத்திருக்கேன். இவன் சிமெண்டுக் காலோட வராண்டாவுல ஏறி, நேரா என் வாசப்படியில வந்து நிக்கறான்... எதுக்கோ! சிமெண்டு மூட்டை போறாதாம், இப்பவே சொல்லி அனுப்பணுமாம். சாப்பிடற இடத்துல வந்து மூஞ்சிக்கு நேரா நின்னா? 'ஏ கொங்கா, கெளகே இளியோ'ன்னேன். கீழ எறங்குடான்னேன். அவ்வளவுதான்.

...

ஹலோ? என்னது?

வசவா? அது வசவா? ஊர்ல காய்கறிக்காரிலேருந்து ஜட்கா ஓட்டறவன் வரைக்கும் தமிழாளை அப்படித்தானே சொல்றா! கொங்கு நாட்டுக்காரனைக் கொங்கான்னு சொன்னா அதுல என்ன தப்பு?... இவன் எந்த ஊர்க்காரன்னா?... ஆற்காட்டுப் பக்கம்... சரி சரி, ஆற்காடு கொங்கு நாட்டுல இல்லை, எனக்கும் பூகோளம் தெரியும். எல்லாம் ஒண்ணுதான்டா. அந்தப் பக்கத்துலேருந்து மூட்டையைத் தூக்கிண்டு வர்றவன் எல்லாம் அதுதான்.

என்ன?... நானா?... நான் எப்படிடா அதுல வருவேன்? நாம மேல்கோட்டை ஐயங்கார்! இந்த ஊர்ல அரண்மனை வர்றதுக்கு முந்தியே நாம இருக்கோம்... ஆமாம், ஆத்துல தமிழ்தான் பேசறோம். யார் இல்லைன்னா? அது ஆத்துக்குள்ள. பெருமாளுக்கும் நமக்கும் நடுவுல. அந்தத் தமிழும் இவன்கள் பேசற தமிழும் ஒண்ணா? இவன் 'இன்னா'ங்கறான்டா!

இவன்கள்கிட்ட தமிழ்ல பேசறதா? நான்? ஒரு நாள் பேசினதில்லை. வேலை ஆரம்பிச்ச நாள்லேருந்து கன்னடம்தான். அவன்களுக்கு நான் கன்னடக்காரன்னுதான் நினைப்பு... அவன்களுக்குக் கன்னடம் வருமாவா? எங்க வரும்? நான் கன்னடத்துல சொல்லுவேன், சித்தையன் அதைச் சந்தைத் தமிழ்ல திருப்பிச் சொல்லுவான். அவன்கள் சொல்றதைச் சித்தையன் எனக்குக் கன்னடத்துல சொல்லுவான். அதுவரைக்கும் நான் புரியாத மாதிரி மூஞ்சியை வெச்சுண்டு... சிரிக்காதே! ட்ரங்க் கால்ல என்னடா சிரிப்பு? இங்க என் பொழைப்பு காஞ்சுண்டிருக்கு.

காரணம் இல்லாமலா பண்றேன்? பேப்பர் படிக்கறியோ இல்லையோ? தெலுங்குக்காரா தனி ராஜ்யம் வாங்கிண்டு போயிட்டா. நாளைக்குக் கன்னட நாடு. யார் எந்த பாஷைன்னு ஒவ்வொருத்தன் வாயையும் பார்த்துண்டிருக்கான். இந்தச் சமயத்துல நான் வாசல்ல நின்னு இவன்களோட 'வாப்பா, போப்பா'ன்னா, ஆபீஸ்ல என்ன சொல்லுவா? 'ஓ, இவரும் அந்தக் கூட்டம்'னு... அதேதான்.

அப்பா காலம் வேற கேசவா. அவரோட சிநேகிதர் லிங்கப்ப கௌடர் வாசல்ல நின்னுண்டு 'கொங்கய்யங்காரே, காப்பி ஆச்சா'ம்பார். அப்பா உள்ளேருந்து 'வாரும் கன்னடியரே, வந்து குடியும்'பார். ரெண்டு பேரும் வெத்திலை போட்டுண்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பா. யாராவது கரண்டியைக் கீழ வெச்சாளா? அப்பாவை நீ பார்த்திருக்கியே, ரோஷக்காரர். அவரே சிரிச்சார். இந்த முனிராஜுக்கு என்ன வந்துடுத்து?

என்னது?... கௌடர் கீழ எறங்குன்னு சொல்லலையா? சொல்லிண்டே உள்ள வந்து உக்காந்தாரா?... நீ யார் பக்கம்டா பேசறே?

செலுவனா? அவன் ஏன் இப்ப நடுவுல?... ஓ, உங்க அக்கா சொல்லிட்டாளா? அது ஒண்ணுமில்லைடா. கிரிக்கெட் ஆடிண்டிருந்தான். இவ தெருவுல நின்னு 'செலுவா, சாப்பிட வா'ன்னு கூப்பிட்டாளாம். அவன் கூட்டாளிகளுக்கு முன்னால கன்னடத்துல 'கொங்கர மாதிரி கத்தாதேம்மா'ன்னானாம்... நானா? நான் சிரிச்சேன். குழந்தைடா, பள்ளிக்கூடத்துல எல்லாரும் சொல்றது, அவனுக்கும் ஒட்டிண்டிருக்கு. அவனுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நன்னா வர்றது. ஒரு விதத்துல பெருமைதான்... உங்க அக்காவா? அவ சிரிக்கலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. தலைவலின்னா.

சரி, அதை விடு. நேரம் போறது. நீ என்ன பண்றே, பசவராஜ் அவர் வந்ததும் நைசா காதுல போடு. கூலிக்காராளுக்கு ரோஷம் ஜாஸ்தி ஆயிடுத்து, யாரோ கம்யூனிஸ்ட்டு தூண்டி விட்டிருக்கான், சக்ரபாணி வாயில, அதான் என் வாயில, தப்பே இல்லைன்னு... என்ன?... வெள்ளைக்கார மேனேஜரா? அவனை ஏன் இப்ப இழுக்கறே? அவன் ஊருக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சு... ஆமாம், எல்லாரையும் 'பிளாக்கி'ம்பான். வாஸ்தவம். ஆனா என்னை ஒரு நாள் சொன்னதில்லை. தோள்ல தட்டி, 'நீ மத்த பிளாக்கிகள் மாதிரி இல்லை'ன்னான். அந்த வாரம் பூரா எனக்குத் தரையில கால் பாவலை... அதுல என்ன வேடிக்கை?... திரும்ப யோசிக்கறதா? என்னத்தை?

...

ம்.

சரி. 'மத்த'ன்னான். ஆமாம். அப்ப நானும் ஒரு... சரிடா, வெள்ளைக்காரன் போயாச்சு. இப்ப நம்ம ராஜ்யம். இதெல்லாம் இப்ப எதுக்கு?

என்னது? உன்னையா? ஹெட் ஆபீஸ்ல?... 'ஏ கொங்கா, ஃபைல் தா'ன்னா?... யாரு, அந்தக் கேஷியரா?... பசவராஜ் அவரே சொல்லுவாரா!... தினமுமா?... நீ என்னடா சொல்லுவே?... 'பந்தே சார்', வந்துட்டேன் சார்னு எழுந்து போவியா? சீ! மேல்கோட்டையில பொறந்து, ஸ்டெனோ பரீட்சை பாஸ் பண்ணி, கொங்கான்னு கூப்பிட்டா எழுந்து போவியா? ஒரு நாள் மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டாமா?... பழகிடுத்தா? அதெப்படிப் பழகும்? உனக்கு மானம்னு...

என்ன?... இப்ப என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு... லைன் நன்னாத்தான் கேக்கறது. நீ சொல்லு.

'அந்த மைசூர் கொங்காவுக்கு ஆர்டர் டைப் அடி'ன்னாரா.

...

மைசூர் கொங்கான்னா... நான்.

எத்தனை நாளா?... எல்லாருமேவா? இங்கேயிருந்து வர்ற கிளார்க்குகள்கூடவா?... நான் கன்னடத்துலதானே பேசறேன் கேசவா! பசவராஜ் அவரைவிட நல்ல கன்னடம்டா. அவர் கடிதாசுல தப்பு இருந்தா நான் திருத்தறேன்... அது அவருக்குத் தெரியாதா? நீ சொல்லாதே, பேசாம இரு.



இருக்கட்டும். நான் ஒண்ணு சொல்றேன் கேளு. யார் என்ன கூப்பிட்டா என்ன, அந்த முனிராஜ் முன்னால போய்த் தலை குனியமாட்டேன். அழுக்கு வேட்டியும் அவனும். இவன்களுக்குத் தமிழே ஒழுங்கா வராது. வாயைத் திறந்தா நாத்தம். மரத்தடியில உக்காந்துண்டு கஞ்சிக்கு வெங்காயம் கடிக்கறான்கள். அவன்கிட்ட போய் நான், 'தப்பா நினைச்சுக்காதேப்பா, நானும் தமிழ்தான்'னு சொல்லணுமா? மாட்டேன். கூரை இறுகட்டும். ஆர்டர் போனா போகட்டும். சக்ரபாணி இன்னிக்கு வரைக்கும் இவன்கள் காதுபட ஒரு வார்த்தை தமிழ் பேசினதில்லை, இனிமேலும்...

...

கேசவா.

இரு. வைக்காதே.

கேசவா, ஜன்னல் திறந்திருக்கு.

இல்லைடா... மரத்தடியில யாரையும் காணும். எல்லாரும் இங்க நிக்கறா. ஜன்னலுக்கு வெளியில. முனிராஜ் கம்பியைப் பிடிச்சுண்டு... எவ்வளவு நாழியான்னு எனக்கு எப்படிடா தெரியும்? நான் சுவரைப் பார்த்துண்டு கத்திண்டிருந்தேன். நீதானே கேக்கலை கேக்கலைன்னே!

சும்மா நிக்கறான். சிரிக்கற மாதிரி இருக்கு... இரு, ஏதோ சொல்றான்...

என்னப்பா?... ஏனு? ஏன் பேக்கு?... கேசவா, என்ன வேணும்னு கன்னடத்துல கேட்டேன், எல்லாரும் கொல்லுனு சிரிக்கறா. அந்தச் சித்தாள் பொம்மனாட்டிகள்கூட. ஒருத்தி முந்தானையால வாயைப் பொத்திண்டு...

சொல்லுப்பா... ஆமாம்ப்பா... ஆமாம், தமிழ்தான்... ஆத்துல... வீட்டுல... ஆமாம்.

'இன்னா சாமி, நீ நம்ம ஆளா'ங்கறான். புளியோதரை வாசனை வந்தப்பவே சந்தேகப்பட்டானாம்... வெங்காயத்தைப் பத்திச் சொன்னதா? அதெல்லாமும் கேட்டாச்சு. 'வெங்காயம் இல்லாம கஞ்சி எறங்குமா சாமி'ங்கறான்.

இருடா, இன்னும் சொல்றான்... ம்... ம்... ஆமாம்ப்பா, அது வந்து... ம்...

கேசவா, கேளு இந்தக் கூத்தை. கன்னடக்கார ஆபீசர் கொங்கான்னு சொன்னாருன்னுதான் உக்காந்தாளாம். நான் சொன்னதுக்கு உக்கார வேண்டியதில்லையாம்! 'வூட்ல அண்ணன் திட்றதில்லையா சாமி, அது மாதிரி வுட்டுடறோம்'ங்கறான். அண்ணனாம்டா! யாரு? நான்! இவனுக்கு!

...

போறா... ஆமாம், வேலைக்குத்தான் போறா. சட்டியைத் தூக்கியாச்சு. ஒருத்தன் தண்ணி ஊத்தறான்... தெரியும்டா, கூரை தப்பிச்சுது. ஆர்டர் தப்பிச்சுது. எல்லாம் தெரியும். நீ சந்தோஷமா இரு. முனிராஜ் போகும்போது என்ன சொல்லிட்டுப் போறான் தெரியுமா? இனிமே நடுவுல சித்தையன் வேண்டாமாம். நம்மளே பேசிக்கலாமாம். நம்மளே!

சித்தையனா? அவனை வராண்டாவுல காணும். கிளார்க்குகள் ரூமுக்கு ஓடிட்டான். அங்கேருந்து சிரிப்புச் சத்தம் வர்றது. எனக்குக் கேக்கறது... ஆமாம், நாளைக்குப் பசவராஜ் அவர் வரும்போது கார்க் கதவைத் திறக்கறதுக்கு முந்தியே அவர் காதுக்குப் போயிடும்... அவருக்குத்தான் முன்னாலேயே தெரியுமேன்னா?... ஆமாம். அதுவும் சரிதான். எனக்குத்தான் புதுசு.

என்னது? நன்றி சொல்லணுமா? யாருக்கு, முனிராஜுக்கா?... கேசவா, வாயை மூடு.

இரு. மேலேருந்து சத்தம் போடறான். சாரத்துல நின்னுண்டு கையை ஆட்டறான்... சிமெண்டு மூட்டைக்கு இப்பவே ஆள் அனுப்பணுமாம், நான் வந்து பார்த்துச் சொல்லணுமாம்... எப்படிக் கூப்பிடறானா? உனக்குக் கேக்கலையா?... கேட்டுடுத்தா.

ஆமாம். 'ஏ கொங்கா சாமி'ங்கறான். ஊர் பூரா கேக்கற மாதிரி.

என்னைக் கூப்பிடலைன்னு இருக்கலாம்தான். திரும்பாம உக்காந்துக்கலாம். ஆனா கலவை இறுகறதே... என்னடா பண்ணுவேன்? நீ இத்தனை வருஷமா எப்படி... ஹலோ?... ஹலோ? கேசவா? ஹலோ, எக்ஸ்சேஞ்ச்?...

போச்சு. கட் பண்ணிட்டா.

...

வரேன்ப்பா! இதோ வந்துட்டேன்!